நோன்பில் மயங்கியதாகச் செய்தி

விடியற்காலையில் திராட்சைப் பந்தலுக்குள் நுழைகிறவர்கள் முதலில் நனைவார்கள். மழை பெய்திருக்க வேண்டும் என்பதில்லை. இலைக்கு இலை தேங்கி நிற்கிற பனித்தண்ணீரே போதும். கம்பியில் கை பட்டால் வரிசை முழுக்கக் குலுங்கித் தலையில் கொட்டும். ஐப்பசி மாதமென்றால் மலையிலிருந்து இறங்குகிற குளிரும் சேர்ந்துகொள்ளும். அந்தக் குளிரில் அண்ணாந்து நின்று, ஒரு கையால் குலையைத் தாங்கி, மறு கையில் கத்தரியோடு, வெடித்த பழத்தையும் அழுகின பழத்தையும் ஒன்றொன்றாகக் கழிக்க வேண்டும். சாமி கும்பிடுகிற மாதிரி நிற்கிறார்களே என்று அருவிக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். கும்பிடுகிறவன் நினைத்தபோது கையை இறக்கிக்கொள்ளலாம். இவர்கள் பொழுது சாய்ந்துதான் இறக்க முடியும்.

சுருளிப்பட்டிக்குத் தெற்கே இருக்கிற தெய்வேந்திரனின் தோட்டத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருகிறவள் சோணையம்மாள். மெலிந்த உடம்பு, கனத்த குரல். "அவளுக்கு வாய் மட்டும் இல்லையின்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்று தெய்வேந்திரனே சொல்லிச் சிரிப்பார். அவளோடு வருகிற பெண்களில் அம்சத் பீவி மூத்தவள். சோணைக்கு அவள் அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை. பந்தலுக்குள் பக்கத்து வரிசையில் இருபது வருஷமாகக் கழுத்து வலித்ததில் உண்டான அக்கா.

அது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்த வருஷம். இரண்டு பண்டிகைக்கும் பழம் போயாக வேண்டுமென்று தெய்வேந்திரன் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர்போல நின்றார். இந்தப் பக்கம் அடைமழை வேறு. மழை விட்டு விட்டுப் பெய்தால் இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக நோய் பூக்கும், பூச்சியும் ஏறும். மருந்தடித்தால்தான் குலை நிற்கும். மருந்து என்றால் ஒன்றில்லை. நீல மருந்து, வெள்ளை மருந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வைக்கிற நாற்ற மருந்து. விஷத்துக்கு மருந்தென்று பெயர் வைத்தவன் எவனோ, அவன் கையில் கிடைத்தால் சோணையம்மாள் நாலு கேட்காமல் விடமாட்டாள்.

ரம்ஜான் மாதத்தில் இந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரும் உட்கார்ந்து பேசி ஏற்படுத்தியதல்ல. அம்சத் பீவி நோன்பு வைத்திருக்கும்போது அவள் கண் முன்னால் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நடுவில் தொண்டை காய்ந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். கஞ்சி வேளை வந்தால் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிற மோட்டார் ரூமுக்குப் போய்விடுவார்கள். அம்சத் பீவியும் சும்மா இருப்பவளில்லை. தான் அங்கே போய் நின்றால் இவர்களுக்குத் தொண்டையில் கஞ்சி இறங்காதே என்று, இந்தக் கோடியில் கடைசி வரிசை நிழலில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வாள். விடியுமுன்னே சஹர் சாப்பாட்டுக்கு எழுந்த கண் சொக்கும். அவர்கள் திரும்பி வந்து எழுப்புகிறவரை ஒரு சின்னத் தூக்கம்.

அன்றைக்கும் அப்படித்தான் போனார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மூக்கம்மாள் வழக்கம்போல மகள் வீட்டு வழக்கை எடுத்து நீட்டி முழக்கிக்கொண்டிருந்தாள். அவள் தெருவிளக்குக் கம்பத்தைக் கண்டாலும் நிறுத்தித் தன் கதையைச் சொல்கிறவள். நடுவில் மருந்தடிக்கிற இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. சோணையம்மாள் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஏண்டி, இப்ப எங்கன மருந்தடிக்கிறாக?"

"மேலத் தோட்டமா இருக்கும் மதினி" என்றாள் மூக்கம்மாள்.

காற்று இந்தப் பக்கம் திரும்பியது. நாற்ற மருந்து. மேலத் தோட்டமில்லை, இதே தோட்டம். சோணையம்மாள் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பந்தலுக்குள் குனிந்து, கல்தூணுக்குக் கல்தூண் மோதிக்கொண்டு, "நிப்பாட்டு! ஏலே, நிப்பாட்டு! உள்ள ஆளு இருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஹோஸ் பிடித்திருந்த சுருளிவேல் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இலைக்கு அடியில் படும்படி மேல் நோக்கி அடித்துக்கொண்டே கடைசி வரிசையைத் தாண்டியிருந்தான். மேலே போனது இலையில் பட்டுச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அம்சத் பீவி சாக்கில் எழுந்து உட்கார முயன்று, முடியாமல், ஒருச்சாய்ந்து கிடந்தாள். முக்காடு, ரவிக்கை, தலைமுடி எல்லாம் சொதசொதவென்று நனைந்திருந்தது. வாயிலிருந்து கோழை வழிந்தது.

"மழையின்னு நெனைச்சேன் சோணை" என்றாள்.

பொம்பளைகள் கஞ்சிக்குப் போய்விட்டார்கள், மழை வருவதற்குள் அடித்து முடி என்று சுருளிவேலுக்குச் சொன்னவர் தெய்வேந்திரன். பெண்களிடம் சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. எப்போதுமே தோன்றியதில்லை. நேற்று அடித்த வரிசைக்குள் இன்று காலையில் இவர்களை இறக்கி விடுவார். ராத்திரி முழுக்கக் கண் எரிந்து, தலை கிறுகிறுத்து, வாந்தி எடுத்துவிட்டு மறுபடி வந்து நிற்பார்கள். பித்தம் என்பார்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் வருகிற பித்தம்.

தெய்வேந்திரன் ஜீப்பைக் கொண்டுவந்து அவளைத் தானே தூக்கிப் போட்டார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நோன்பு வச்சிருக்கா, மயக்கம் போட்டுட்டா." அவ்வளவுதான். குளுக்கோஸ் ஏற்றினார்கள். "மருந்தடிச்சாக ஐயா! மேல பூரா மருந்து!" என்று சோணையம்மாள் கத்திய கத்தலில் அவளை வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். சாயங்காலம் நுரை தள்ளி, கைகால் வெட்டி இழுத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு நர்சம்மா சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தத் துணியோடவா இவ்வளவு நேரம் போட்டு வச்சிருக்கீங்க?" என்று பதறி, துணியை உரிந்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினார். டாக்டர் ஊசி மேல் ஊசி போட்டார். உயிர் தங்கியது. கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை, கண்ணும் மங்கலாகவே இருந்தது.

இந்த முறை சும்மா விடக் கூடாது என்று சோணையம்மாள் முடிவு கட்டினாள். போலீசில் போய் நின்றால் நாமே குற்றவாளி மாதிரி ஆகிவிடுவோம். பேப்பரில் வந்தால்? நாலு பேர் படித்தால் முதலாளி பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? கம்பம் டவுனில் ஒரு டெலிபோன் பூத்துக்காரரிடம் சொல்லி ஒரு நிருபருக்குப் போன் போடச் செய்தாள். பெயர் விஜயகுமார். தேனிக்காரன், ஒரு தினசரியில் வேலை. மறுநாளே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான்.

நல்ல பையன்தான். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டான். சோணையம்மாள் மருந்தைப் பற்றிச் சொன்னாள், எழுதிக்கொண்டான். நேற்று அடித்த வரிசையில் இன்று இறக்கி விடுவதைச் சொன்னாள், எழுதிக்கொண்டான்.

"எல்லாரும் வெளிய போனப்ப இவுக மட்டும் ஏங்க்கா உள்ள இருந்தாங்க?" என்று கேட்டான்.

மருந்து எப்படி மேலே விழுந்தது என்று விளங்க வேண்டுமே என்று, சோணையம்மாள் நோன்பு வழக்கத்தைச் சொன்னாள். அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இதை இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவன் கேட்டதெல்லாம் அதைப் பற்றித்தான். உங்க வீட்டில் யாரும் ஏதும் சொல்ல மாட்டார்களா? தீபாவளிக்குப் பலகாரம் குடுப்பீர்களா? பெருநாளுக்குப் பிரியாணி வருமா? ஐந்தாறு பேரையும் கட்டிலைச் சுற்றி நிறுத்தினான். சோணையம்மாள் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, குடிக்காமல் அம்சத் பீவியைப் பார்க்கச் சொன்னான். எதற்கென்று புரியாமலே பார்த்தாள். போட்டோ எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு வந்தது. டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, சோணையம்மாள் நின்று கேட்டாள். 'தோழியின் நோன்புக்காகத் தாகம் பொறுக்கும் பெண்கள்' என்று கொட்டை எழுத்து. எழுதியிருந்த விதத்தில் வாசித்தவரே நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரர் அன்றைக்கு அவளிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. அவள் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள், இப்போது வரும், இப்போது வரும் என்று. மருந்து வரவில்லை. 'நோன்பிருந்த நிலையில் கடும் உழைப்பால் மயங்கி விழுந்தார்' என்று ஒரு வரி வந்தது. அப்புறம் மதம் கடந்த அன்பு என்று முடிந்துவிட்டது.

"அம்புட்டுத்தானாண்ணே?"

"வேற என்னத்தா வேணும்? பேரு, ஊரு, போட்டோ எல்லாம் வந்திருச்சுல்ல?"

அவளுக்கு ஆத்திரம் ஏறியது. சொன்னதெல்லாம் உண்மைதான். எழுதியிருப்பதிலும் பொய் அதிகமில்லை. ஆனால் சோற்றைத் தின்றுவிட்டு எச்சில் இலையைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. மாவட்டம் முழுக்க நோன்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. நோன்பு வைத்தவர்கள் கடும் வேலைக்குப் போகலாமா என்று கேபிள் டிவியில் இரண்டு பேர் உட்கார்ந்து விவாதித்தார்கள். போகக் கூடாது என்றார் ஒருவர். போவது அவரவர் உரிமை என்றார் மற்றவர். பேப்பருக்குக் கடிதங்கள் குவிந்தன. ரம்ஜானில் முதலாளிகள் அரை நாள் விட வேண்டும் என்று ஒருவர், பெண்கள் காலையில் ராகிக்கூழ் குடித்தால் மயக்கமே வராது என்று ஒருவர். டவுனில் படித்தவர்கள், நல்லவர்கள், மெய்யாகவே மனம் இளகியவர்கள். ஒருத்தர் வாயிலாவது மருந்து என்ற சொல் வந்ததா? வரவே இல்லை. அந்தப் பேச்சுக்கு நடுவிலும் தெய்வேந்திரன் தோட்டத்தில் இன்ஜின் ஓடியது.

கடைசியில் தோட்டக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நோன்பு வைக்கிற பெண்களை ரம்ஜான் முடிகிறவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் உடல்நலனை முன்னிட்டாம். கூலி கிடையாது. பெருநாள் நெருங்குகிற நேரத்தில், கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் வருகிற முஸ்லிம் பெண்கள் அத்தனை பேரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். அதுவும் பேப்பரில் வந்தது, 'தோட்ட உரிமையாளர்களின் மனிதநேயம்' என்று.

அம்சத் பீவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் சோணையம்மாள் பார்க்கப் போனாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கொடுக்கவில்லை.

"எங்க தெருப் பொம்பளைக எங்கிட்ட வந்து அழுகுறாக சோணை. உன்னாலதான் எங்களுக்கு வேலை போச்சுன்றாக."

"நான் மருந்தைத்தான்க்கா சொன்னேன். படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நோன்பு வைக்கிறேன். பிள்ளை பெத்த வருசம் தவிர விட்டதில்லை. எந்த நோன்பும் என்னையச் சாய்க்கல. விஷத்தை ஊத்தினது அவுக, பழி எங்க நோன்பு மேலயா? இந்த வருசம் மாத்திரை தின்னணும்னு நோன்பும் போச்சு. அதைப் பறிச்சதும் அந்த மருந்துதேன். அதை எந்தப் பேப்பர்ல போடுவான்?"

சோணையம்மாள் நேராக பஸ்ஸேறிக் கம்பம் போனாள். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் விஜயகுமார் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! மதுரையில இருந்து எடிட்டரே போன் பண்ணிப் பாராட்டினாரு."

"மருந்து எங்க தம்பி?"

சிரிப்பு வற்றியது. "எழுதினேன்க்கா, சத்தியமா. வெட்டிட்டாங்க. பூச்சிமருந்துன்னு போட்டா ஆதாரம் கேப்பாங்க, கம்பெனிக்காரன் கேஸ் போடுவான். அப்படியே போட்டாலும் உள்பக்கத்துல ரெண்டு வரி. எவனும் படிக்க மாட்டான். இப்பப் பாருங்க, ஊரே உங்களைப் பாக்குது."

"எங்களைத்தான் தம்பி பாக்குது. மருந்தைப் பாக்கலையே. நான் உங்களுக்குப் போன் போட்டது என் மூஞ்சியக் காட்டவா?"

"மனசைத் தொட்டாத்தான்க்கா ஜனங்க பேசுவாங்க."

"பேசுறாகளே, நல்லாப் பேசுறாக. அந்தப் பேச்சுலதான் அக்காமாருக்கெல்லாம் வேலை போச்சு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனைத் திட்டித் தீர்க்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. அதுவும் ஒரு எரிச்சலாக இருந்தது.

போதாததற்கு இந்தப் பெண்களுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபம், மேடையில் தெய்வேந்திரன் நடுநாயகமாக. எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். சோணையம்மாளிடம் மைக்கை நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கக்கா நோன்புல விழுகல. அவ மேல மருந்தடிச்சாக. இன்னமும் அடிக்கிறாக. நாங்க உள்ள நிக்கையிலேயே..."

விழா நடத்துகிறவர் பக்கத்தில் வந்து, சிரித்துக்கொண்டே, மெதுவாக அவள் விரலைப் பிரித்து மைக்கை வாங்கிக்கொண்டார். "சகோதரி உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றார். மண்டபம் கை தட்டியது. அத்தனை பேரும் சேர்ந்து தட்டிய தட்டில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை. மறுநாள் அந்தப் படம் வந்தது. கீழே, 'நெகிழ்ச்சியில் ஆனந்தக் கண்ணீர்'.

அன்றைக்கே பெண்கள் எல்லாரும் தோட்டத்து வாசலில் தெய்வேந்திரனை மறித்துக் கேட்டார்கள்.

"மருந்தடிக்கிற அன்னைக்கும் மறுநாளும் எங்களை உள்ள விடாதீக மொதலாளி. அந்த நாளுக்குக் கூலியும் பிடிக்காதீக. நோன்பு வைக்கிறவுகளை வேலைக்குக் கூப்பிடுங்க. அம்புட்டுத்தான்."

"ஏன் சோணை, பொன்னாடை போத்தின சூடு இன்னும் ஆறலையோ?" தெய்வேந்திரன் ஜீப்பில் சாய்ந்துகொண்டார். "வேலை செய்யாத நாளுக்குக் கூலி எந்த ஊர்லத்தா இருக்கு?"

"நாங்களா வேலை செய்யாம இருக்கோம்? நீங்க விஷத்தை அடிச்சுட்டு வழிய அடைக்கிறீக."

"இந்தப் பள்ளத்தாக்கு பூரா அடிக்கிறான். நான் மட்டும் அடிக்கலையின்னா ஒரு குலை நிக்குமா? கடனை உங்கப்பனா கட்டுவான்?"

"அடிக்காதீகன்னு சொல்லல. எங்க தலையில அடிக்காதீகன்றோம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். பயமுறுத்தும்போது அப்படித்தான் தாழ்த்துவார். "இங்க பாருங்க. மருந்து மருந்துன்னு ஊரெல்லாம் கூவுனா, மதுரையிலயும் கொச்சியிலயும் எவனாவது நம்ம பழத்தை வாயில வைப்பானா? பழம் போகாட்டி எனக்கு நட்டம். உனக்கு? கத்தரியத் தூக்கிக்கிட்டு எங்கன போவ? நல்ல பேரு வாங்கிருக்கீக. அதோட பொத்திக்கிட்டு இருங்க."

அந்தக் கேள்வி குத்தவே செய்தது. திரும்பி நடக்கும்போது மூக்கம்மாள்கூட வாய் திறக்கவில்லை. எதிரே சுருளிவேல் மருந்து டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தவன் நின்றான். அந்த நாளிலிருந்து அவன் இவர்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

"பீவியக்கா எப்படி இருக்காக?"

"போய்ப் பாத்துக்க" என்று வெடுக்கென்றாள் சோணையம்மாள். அப்புறம் அவன் கையைப் பார்த்தாள். விரல் நகமெல்லாம் வெந்து கறுத்திருந்தது. "நீயும் சாகத்தானலே போற. அடிக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்றாரு. குரல் குடுத்தா நீங்க நின்னுக்குவீங்களாம், வேலை கெட்டுப்போகுமாம்." டிரம்மை உருட்டத் திரும்பினான். "ராத்திரி எனக்கும் தூக்கம் வரமாட்டேங்குது மதினி."

அம்சத் பீவி வீட்டில் கூடினார்கள். வேலை போன பெண்களும் வந்து வாசல்வரை நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொன்று பேசினார்கள். இன்னொரு பேப்பருக்குச் சொல்லலாம் என்றாள் ஒருத்தி. கலெக்டரிடம் போய் அழலாம் என்றாள் இன்னொருத்தி. எல்லாம் கேட்டுவிட்டு அம்சத் பீவி நடுங்குகிற கையை மடிக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாம கதை சொல்றோம்டி. அதான் தப்பு. நாம பத்துச் சொன்னா அவுகளுக்குப் பிடிச்ச ஒண்ணை எடுத்துக்கிறாக, மிச்சத்தை உதறிர்றாக. நோன்பைச் சொல்லாதீக, தண்ணியச் சொல்லாதீக, பிள்ளைகுட்டி, கஷ்டநஷ்டம் ஒண்ணும் சொல்லாதீக. எவன் என்ன கேட்டாலும் வேணுங்கிறது மட்டும் சொல்லுங்க. அது ஒண்ணுதான் இருந்தா, அதைத்தானே எழுதியாகணும்?"

"வயித்துல இருக்கிறதைச் சொல்லாம எப்படிக்கா இருக்கிறது?" என்று நிஜமாகவே கவலைப்பட்டாள் மூக்கம்மாள். அன்றைக்குத்தான் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், தீபாவளி லோடு ஏற்ற வேண்டிய அன்று வேலைக்கு இறங்குவதில்லை என்று பேச்சு முடிந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஆள் போனது.

அன்று விடிந்தபோது தெய்வேந்திரன் தோட்டத்து கேட்டுக்கு முன்னால் லாரி நின்றது, காலி டிரேகள் அடுக்கியிருந்தன, பெண்கள் வெளியே நின்றார்கள். அம்சத் பீவியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள். தெய்வேந்திரன் கத்தினார், கெஞ்சினார், மறுபடி கத்தினார். ஓடைப்பட்டியிலிருந்து ஆள் இறக்கிவிடுவேன் என்றார்.

"அங்கனயும் இதே மருந்துதான் மொதலாளி" என்றாள் சோணையம்மாள். "இறக்குங்க, நாங்க பேசிக்கிறோம்." வாய் பேசினாலும் உள்ளுக்குள் பயம் இருந்தது. பழம் கொடியிலேயே அழுகிப் போகலாம். அடுத்த மாதம் யாரும் வேலை தராமல் போகலாம். தெய்வேந்திரனுக்குத் தாங்கும், இவர்களுக்கு எத்தனை நாள் தாங்கும்?

"சுருளிவேலு! இன்ஜினை எடுத்து மேக்கால வரிசைய அடி. இவளுக கிடக்காளுக!"

சுருளிவேல் வந்தான். ஹோஸைச் சுருட்டி முதலாளியின் காலடியில் வைத்துவிட்டு, கேட்டைத் தாண்டி வந்து பெண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டான். மூக்கம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

பக்கத்துத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போன டிராக்டர் ஒன்று கூட்டத்தைக் கண்டு மெதுவானது. அதிலிருந்து ஒருத்தி குதித்தாள். அப்புறம் நாலைந்து பேர். அப்புறம் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டான்.

வெயில் ஏறும்போது விஜயகுமார் வந்தான். மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு போடும்போதே கேமராவை எடுத்தான். நேராக அம்சத் பீவியிடம் போனான்.

"அம்மா, இந்த உடம்போட வந்திருக்கீங்களே. மனசுல என்ன தோணுது?"

"மருந்தடிக்கிற அன்னைக்கும் மறுநாளும் பந்தலுக்குள்ள ஆளை விடக் கூடாது. கூலியும் பிடிக்கக் கூடாது. எழுதிக்கங்க."

"எழுதுறேம்மா. பெருநாளுக்கு வீட்டுல..."

"மருந்தடிக்கிற அன்னைக்கும் மறுநாளும் பந்தலுக்குள்ள ஆளை விடக் கூடாது."

அவன் சோணையம்மாள் பக்கம் திரும்பினான். அவளும் அதையே சொன்னாள். "ஒரு ஆளையாவது முன்னால நிறுத்துங்கக்கா, படத்துக்கு" என்றான். "எல்லாரையும் எடுங்க, இல்லாட்டி அந்த டிரம்மை எடுங்க" என்றாள். அவன் மூக்கம்மாளிடம் போய், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டான். மூக்கம்மாளுக்கு முகம் சிவந்தது. பெருமூச்சு விட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள். கடைசியில் தலைப்பை எடுத்துவிட்டு ஒரே மூச்சில் அதே வார்த்தைகளைச் சொல்லி முடித்தாள்.

விஜயகுமாருக்கு வேர்த்துவிட்டது. "இப்படிச் சொன்னா எப்படிக்கா எழுதுறது?" என்று பரிதாபமாகக் கேட்டான். எழுதினாலும் போடுவார்களா என்று அவனுக்கே தெரியாது. போட்டாலும் தெய்வேந்திரன் இறங்கி வருவாரா என்று இவர்களுக்கும் தெரியாது.

கூட்டத்தின் ஓரத்தில், டிராக்டரிலிருந்து முதலில் குதித்த பெண் நின்றிருந்தாள். சோணையம்மாளுக்கே அவள் யாரென்று தெரியாது. இவளிடமாவது ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தவன்போல அவன் அங்கே போனான்.

"நீங்க எந்த ஊரும்மா? உங்க பேரு என்ன?"

அந்தப் பெண் ஒருமுறை சோணையம்மாளைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"மருந்தடிக்கிற அன்னைக்கும் மறுநாளும் பந்தலுக்குள்ள ஆளை விடக் கூடாது. கூலி பிடிக்கக் கூடாது. மொதல்ல அதை எழுதுங்க. பேரைப் பொறகு சொல்றேன்."

அவன் பேனாவை எடுத்தான். எழுதி முடிக்கிறவரை அவள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.